வைஃபை வரவில்லை, ஓடிபி வரவில்லை, போன பணம் வரவில்லை: எதை எங்கே பார்ப்பது

காரைக்குடியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை என்று சுற்று ஊர்களுக்கெல்லாம் வண்டியில் போய் வருவேன். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் இன்றைக்கு வயதானவர்கள் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், சில வீட்டில் ஒரே ஒரு ஆச்சி. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். நெட் நின்றுபோனால் அன்றைக்குப் பேரப்பிள்ளையின் முகம் பார்க்க முடியாது. கம்பெனிக்கு ஃபோன் போட்டால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள், பண்ணியாச்சு என்று சொன்னாலும் மறுபடி அதையே சொல்வார்கள். எங்கே கோளாறு என்று தெரிந்து கூப்பிடுகிற ஆளை அப்படி இழுத்தடிப்பது கஷ்டம். அதனால்தான் இதை அறிகுறிவாரியாக எழுதுகிறேன், உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அதை மட்டும் படித்தால் போதும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிடுங்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு நின்றது, எந்த விளக்கு எப்படி எரிந்தது, யாரிடம் பேசினீர்கள், புகார் எண் என்ன என்று எழுதி வையுங்கள். கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இந்த நோட்டு வேண்டும்.

முகப்பில் நன்றாக வருகிறது, இரண்டாம் கட்டில் வருவதே இல்லை

இது நம் செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய தொல்லை. முகப்பு என்பது வாசல் பக்கம், இரண்டாம் கட்டு என்பது நடு முற்றத்தைத் தாண்டி உள்ளே இருக்கிற பகுதி. இணைப்புக் கொடுக்க வருகிறவர், ஃபைபர் உள்ளே நுழைகிற வாசல் பக்கத்திலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அது சரி. இந்தத் தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் கொல்லைவாசல் என்று நீண்டு கிடக்கிற வீட்டுக்கு அது எப்படிப் போதும்? செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனத்த சுவர் இரண்டு குறுக்கே வந்தாலே சிக்னல் நொண்டும், மூன்றாவதில் செத்துவிடும். இரும்பு பீரோவும் பெரிய நிலைக்கண்ணாடியும் சுவரைவிட மோசம், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பூச்சு உலோகம் என்பதால் சிக்னலைத் திருப்பி அடித்துவிடும்.

முதலில் ஃபோனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பெயரே இரண்டு தடவை வரும், ஒன்றின் வாலில் 5ஜி என்று இருக்கும். அதற்கும் மொபைல் 5ஜிக்கும் சம்பந்தமில்லை, அது 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை. வேகம் அதிகம், சுவரைத் தாண்டுகிற தெம்பு குறைவு. மற்றது 2.4 ஜிகாஹெர்ட்ஸ். வேகம் குறைவு, ஆனால் உள்ளே வரும். அடுப்படியில் இருந்து வீடியோ கால் பேசுகிறவர்கள் 2.4ஐப் பிடியுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் ரவுட்டர் அமைப்புக்குள் போய்ப் பிரித்து வைத்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை.

அடுத்தது இடம். நம் வீட்டுக்கு நடுவில் வளவு இருக்கிறது, மேலே வானம் தெரிகிற திறந்தவெளி. காற்றுக்குத் தடை இல்லாத இடத்தில் சிக்னலுக்கும் தடை இல்லை. முகப்புச் சுவரில் மாட்டிய ரவுட்டரை எடுத்து, வளவைச் சுற்றியிருக்கிற தாழ்வாரத்தில், சாரல் படாத ஓரமாக, ஆள் உயரத்துக்கு மேலே வைத்துப் பாருங்கள். நான்கு பக்கத்து அறைகளின் கதவும் வளவைப் பார்த்துத்தான் இருக்கும், அதனால் ஒரு சுவரைக்கூடத் தாண்டாமல் முதல் கட்டு முழுக்கப் போய்ச் சேரும். டிவிக்குப் பின்னால், அலமாரிக்குள், சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் ஒளித்து வைக்க வேண்டாம்.

இரண்டாம் கட்டுக்கு இதுவும் போதவில்லை என்றால் கம்பி இழுப்பது ஒன்றே நல்ல வழி. கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் வைஃபை எக்ஸ்டெண்டர் மூன்று வாங்கி, ஒன்றையடுத்து ஒன்றாக பிளக்கில் சொருகியிருந்தார்கள். சாதாரண எக்ஸ்டெண்டர் சிக்னலை வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் ஒரே அலையில் என்பதால் ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மூன்றாவதில் நின்று பார்த்தால் வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றையும் கழற்றிவிட்டு, கேட்-6 என்கிற நெட்வொர்க் கேபிள் ஒன்றை உத்தரத்தை ஒட்டியே பின்கட்டு வரைக்கும் இழுத்து, அங்கே ஒரு அக்சஸ் பாயிண்ட், அதாவது கம்பியில் வருகிற நெட்டை வைஃபையாகக் கொடுக்கிற பெட்டி, வைத்தோம். அதோடு பிரச்சினை முடிந்தது. இந்தக் கேபிள் ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை தாங்கும், நம் வீடுகளுக்குத் தாராளம்.

சுவரைத் துளைக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பூச்சு ஒரு தடவை பெயர்ந்தால் அதே மாதிரி பூச இன்றைக்கு ஆள் கிடைப்பது அபூர்வம். ஒரு வீட்டில் இணைப்புக் கொடுக்க வந்த பையன் பர்மாத் தேக்கு நிலையில் டிரில் போட்டு ஓட்டை பண்ணிவிட்டான். அந்த வீட்டு ஐயா ஒன்றும் சொல்லாமல் அந்த ஓட்டையைத் தடவிக்கொண்டே நின்றார், எனக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு இடையில், கதவுக்கு மேல் இருக்கிற காற்றுச் சந்தில் என்று ஏற்கெனவே இருக்கிற வழியாகவே கேபிளைக் கொண்டுபோக முடியும். வேலைக்கு ஆள் உள்ளே வரும்போதே "எங்கேயும் துளை போடக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள்.

ரவுட்டரில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது

எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கிற விளக்கு சிவப்பாக மினுக்கினால், வெளியிலிருந்து ஒளி உங்கள் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். ரவுட்டரை நூறு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் வராது. ஃபைபர் எங்கேயோ அறுந்திருக்கிறது, அல்லது கூர்மையாக மடிந்திருக்கிறது, அல்லது தெருமுனைப் பெட்டியில் கழன்றிருக்கிறது. பி.ஓ.என். என்று எழுதியிருக்கிற விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் வெளியிலிருந்து வருகிற லைன் சரி.

நீங்கள் பார்க்கக்கூடியது இவ்வளவுதான். பெட்டிக்குள் போகிற மெல்லிய வயர் பீரோவுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, கதவு இடுக்கில் மாட்டியிருக்கிறதா, அணில் கடித்திருக்கிறதா? தெருவில் தேரோட்டம் நடந்ததா, பள்ளம் தோண்டினார்களா? தேர் வருவதற்கு முன்னால் குறுக்கே போகிற கம்பிகளை இறக்கியோ வெட்டியோ விடுவார்கள், திரும்ப மாட்டும்போது சில வீடுகள் விட்டுப்போகும். கழன்று கிடக்கிற ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டாம். அதில் வருகிற லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம். குழந்தைகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

ஃபோனில் இப்படிச் சொல்லுங்கள்: "எல்.ஓ.எஸ். சிவப்பு, காலை 7 மணியிலிருந்து, வீட்டுக்குள் வயர் நன்றாக இருக்கிறது, லைன்மேனை அனுப்புங்கள்." அவர்களுக்கு மேலே கேட்க ஒன்றும் இருக்காது. லைன்மேன் சரிசெய்த பிறகு, கையில் இருக்கிற மீட்டரில் ஒளியின் அளவு என்ன காட்டுகிறது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மீட்டர் டிபிஎம் என்கிற அளவில் காட்டும், மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் நடுவில் இருந்தால் நல்லது. மைனஸ் 27 அளவுக்கு இறங்கியிருந்தால் இன்றைக்கு வேலை செய்தாலும் நாளைக்கு விட்டுவிட்டு வரும், அவர் கிளம்புவதற்கு முன்னாலேயே கேளுங்கள்.

விளக்கெல்லாம் பச்சை, வைஃபையும் காட்டுகிறது, ஒன்றும் திறக்கவில்லை

ஒரு ஃபோனில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்த ஃபோனில் வைஃபையை மறக்கச் செய்து பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள், தேதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். எல்லாவற்றிலும் என்றால் பிளான் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளை தன் கார்டில் தானாகக் கட்டுகிற மாதிரி வைத்திருப்பார், கார்டு காலாவதியாகியிருக்கும், நினைவூட்டுகிற மெசேஜ் அவர் எண்ணுக்குப் போயிருக்கும், இங்கே யாருக்கும் தெரியாது. இப்படி எத்தனை வீடு பார்த்துவிட்டேன். இணைப்பில் பதிவான எண்ணாக ஊரில் இருப்பவரின் எண்ணையே கொடுங்கள்.

ஸ்பீடு குறைவு

ரவுட்டருக்குப் பக்கத்தில், முடிந்தால் கம்பியிலேயே லேப்டாப்பை இணைத்து ஸ்பீடு டெஸ்ட் பண்ணுங்கள். அங்கே சரியாக இருந்தால் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது, சுவர்தான் காரணம். 100 எம்பிபிஎஸ் பிளானில் 94 வந்தால் அது சரிதான், பழைய லேன் போர்ட்டில் அதற்கு மேல் வராது. 40 எம்பிபிஎஸ் என்றால் டவுன்லோடில் நொடிக்கு 5 எம்பிதான் காட்டும், எட்டால் வகுக்க வேண்டும்.

சாயங்காலமானால் ரவுட்டர் தானாக அணைந்து எரிகிறது

வோல்டேஜ் இறங்குகிறது. அந்த நேரத்தில் குண்டு பல்பு மங்குகிறதா, மோட்டார் இரைகிறதா என்று பாருங்கள். அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும், அதற்குப் பொருந்துகிற மினி யூபிஎஸ் வாங்கி மாட்டினால் கரண்ட் போனாலும் சில மணி நேரம் ஓடும். வோல்டேஜ் குறைவை மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். இடி மின்னல் வரும்போது அடாப்டர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

ஓடிபி வருவதே இல்லை, வந்தாலும் நேரம் முடிந்துவிடுகிறது

கொத்தமங்கலத்தில் ஒரு ஆச்சி வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். பேங்க் வேலைக்கு ஓடிபி கேட்கிறது. ஆச்சி உட்கார்ந்திருந்த இரண்டாம் கட்டில் ஃபோன் சிக்னலே இல்லை. ஃபோனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியோடு, தூணைப் பிடித்துப் பிடித்து வளவைத் தாண்டி முகப்புக்கு வந்து திண்ணையில் நின்றார்கள். மெசேஜ் டிங் என்று வந்தது. திரும்பி உள்ளே நடந்து வந்து எண்ணைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துபோனது. "தம்பி, இது மூணாவது தடவைப்பா, என்னால முடியலை" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு சின்ன மாற்றம். ஃபோன் அமைப்பில் வைஃபை காலிங் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் டவர் இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபை வழியாகப் பேசலாம், பெரும்பாலான ஃபோன்களில் மெசேஜும் அதே வழியில் வந்துவிடும். இப்போது ஆச்சி இருக்கிற இடத்திலேயே ஓடிபி வருகிறது.

சிக்னல் நன்றாக இருந்தும் வரவில்லை என்றால், சமீபத்தில் சிம் மாற்றினீர்களா? தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் போட்டால் முதல் 24 மணி நேரம் மெசேஜ் வராது, போகாது. நம் எண்ணில் வேறொருவன் சிம் எடுத்துப் பணத்தை உருவாமல் இருக்கப் போட்ட தடை அது, மறுநாள் தானாகச் சரியாகும். அப்புறம் மெசேஜ் ஆப்பில் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். ஃபோனில் இடம் நிரம்பியிருந்தாலும் வராது. தொல்லை அழைப்புத் தடை போட்டிருப்பதால் ஓடிபி நின்றுவிடுமோ என்று சிலர் கேட்கிறார்கள், நிற்காது.

ஒரு தவறும் செய்யாமல் நன்றாக இருந்த சிம்மில் திடீரென்று "நோ சர்வீஸ்" வந்து, மற்ற சிம்களுக்கு டவர் இருந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். உடனே வேறு ஃபோனிலிருந்து சிம் கம்பெனியைக் கூப்பிட்டு உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் யாராவது எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், பேங்கையும் கூப்பிடுங்கள்.

என் கணக்கில் பணம் போய்விட்டது, கடைக்காரருக்கு வரவில்லை

காரைக்குடிப் பலகாரக் கடைகளில் தினமும் நடக்கிறது. தேன்குழலும் மணகோலமும் கட்டி வாங்கியாயிற்று, ஸ்கேன் பண்ணியாயிற்று, ஸ்பீக்கர் பெட்டி பேசவில்லை. பின்னால் ஆள் நிற்கிறது. கடைக்காரர் "வரலையேங்க" என்கிறார், வாங்குகிறவர் கூச்சப்பட்டு இன்னொரு தடவை அனுப்பிவிடுகிறார். அதைச் செய்யாதீர்கள். ஸ்பீக்கர் பெட்டிக்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது, அதற்கு டவர் கிடைக்காவிட்டால் பணம் வந்தும் பேசாது. கடைக்காரர் தன் ஃபோனில் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். கடைக்காரர்களும் வாடிக்கையாளர் காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டை நம்பக் கூடாது, அப்படி ஒரு படம் செய்வது சுலபம். இரண்டு பேருக்கும் நியாயமான வழி கணக்கைப் பார்ப்பதுதான்.

உண்மையிலேயே நடுவில் மாட்டிக்கொண்டால் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து 12 இலக்கக் குறிப்பு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பியது போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் திரும்ப வர வேண்டும், கடைக்கு அனுப்பியது என்றால் 5 நாளுக்குள். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தாலும் 5 நாள்தான். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, அதுவும் நாம் கேட்காமலேயே தர வேண்டும் என்று இருக்கிறது. இதை நேரில் பேங்கில் சொன்னபோது அங்கிருந்தவரே "அப்படியா" என்று கேட்டார். அதனால் எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே புகார் போடலாம், செலவில்லை, விவரம் கேட்க 14448.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பணம் மாட்டிக்கொண்ட பதற்றத்தில் கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி, முதலில் வருகிற எண்ணுக்குக் கூப்பிடுவார்கள். எடுக்கிறவன் நல்ல தமிழில் அன்பாகப் பேசி, ஒரு ஆப் போடச் சொல்லி, உங்கள் திரையையே பார்த்துவிடுவான். எண்ணை ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலிருந்தோ, பாஸ்புக்கிலிருந்தோ, ஆப்புக்குள்ளிருந்தோ மட்டும் எடுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போட வேண்டியதே இல்லை. அப்படிக் கேட்டால் அது திருட்டு. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். நாமே ஓடிபியைச் சொல்லிவிட்டிருந்தால், பேங்குக்குத் தெரிவிக்கிற வரைக்கும் போனது நம் தலையில், தெரிவித்த பிறகு போவது பேங்கின் பொறுப்பு. பிள்ளைகள் திட்டுவார்களே என்று பயந்து இரவு முழுக்கச் சொல்லாமல் இருந்த பெரியவர்கள் உண்டு. பிள்ளைகளே, தயவுசெய்து திட்டாதீர்கள், அப்போதுதான் உடனே உங்களிடம் சொல்வார்கள்.

புகார் கொடுத்தேன், "சரிசெய்யப்பட்டது" என்று மெசேஜ் வந்தது, ஒன்றும் சரியாகவில்லை

யாருமே வராமல் புகாரை மூடிவிடுகிறார்கள். எனக்கே நடந்தது, மழையில் அறுந்த லைனுக்கு நான்கு நாளில் மூன்று புகார், மூன்றும் மூடப்பட்டன. மூன்று எண்ணும் நேரமும் நோட்டில் இருந்ததால் மேல்முறையீட்டில் அப்படியே எழுதிக் கொடுத்தேன், மறுநாள் ஆள் வந்தார்.

ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனத்திலும் மேல்முறையீட்டுப் பிரிவு இருக்க வேண்டும், அது 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மொபைல் புகாருக்கு 198. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதுங்கள் என்று சிலர் சொல்வார்கள், டிராய் தனி ஆள் புகாரை விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. சிம் கம்பெனியை மாற்றிக்கொள்வது இதைவிடச் சுலபம்: ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு எண்ணைப் போட்டு 1900க்கு அனுப்புங்கள், வருகிற குறியீடு இங்கே 4 நாள்தான் செல்லும்.

ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள்

எண்பது வயது வரைக்கும் அம்மியிலும் அடுப்படியிலும் பழகிய கையில் ரேகை தேய்ந்துதான் இருக்கும். அது அவர்கள் தவறில்லை, அவர்களை வரிசையில் நிற்க வைத்து ஐந்து விரலையும் மாற்றி மாற்றி அழுத்துவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. கையை ஈரத்துணியால் துடைத்து லேசாக எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள், காய்ந்த விரலைவிட நன்றாக விழும். விழவில்லையா, கருவிழிப் பதிவைக் கேளுங்கள், ரேஷன் கடைகளில் அந்த வசதி இருக்கிறது. போக முடியாதவர்களுக்கு வேறொருவரை நியமிக்கப் படிவம் உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயது மூத்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் வருகிறது, உங்கள் கடையில் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் நவம்பரில் கொடுக்கிற உயிர்வாழ்வுச் சான்றுக்கு விரலே வேண்டாம், 2021லிருந்து முகத்தைக் காட்டியே கொடுக்கலாம். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1லிருந்தே கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு ஃபோனில் ஜீவன் பிரமாண் ஆப்பும் ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப்பும் போட வேண்டும். அறைக்குள் இருட்டில் எடுத்தால் மறுத்துக்கொண்டே இருக்கும். காலை பத்து மணி வாக்கில் வளவு ஓரம் நாற்காலி போட்டு, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, ஃபோனை அவர்கள் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். ஒரு தடவை கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள், வட்டம் பச்சையாகிவிடும்.